பித்தளைக் குழல் கிராமபோன்: பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

காரைக்குடி கடையில் எட்டுப்பட்டைப் பெட்டி, பளபளக்கும் பித்தளைக் குழல், நாய் படம் போட்ட தகடு, '1920-ஆம் வருஷத்து மாடல்' என்று 18,000 ரூபாய் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது அநேகமாகச் சமீபத்தில் கோத்த பொருள். உடைந்த பழைய பெட்டி கிராமபோனின் மோட்டாரை எடுத்து, புதுப் பெட்டியில் பொருத்தி, மேலே குழலை வைத்துவிடுவார்கள். பாட்டும் வரும், அதுதான் சிக்கல்.

மோட்டார் பலகையை, அதாவது இசைத்தட்டு சுழலும் மேல் பலகையை, திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். திறந்தால் முதலில் திருகாணிகளைப் பாருங்கள். கூட்டல் குறித் தலை உள்ள திருகு 1930களின் நடுவில்தான் வந்தது. 1920 பெட்டியில் அதற்கு வேலையில்லை. அடியில் பிளைவுட், கறுப்புச் சாயம் பூசிய புது மரம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். குழலைத் தாங்கும் கை அசலில் கனமான வார்ப்பு. போலியில் லொடலொடவென்று ஆடும். நாய் படத் தகட்டை நம்பவே வேண்டாம், அது தனியாகவே கிடைக்கிறது.

வரவேற்பறை அழகுக்கு என்றால் சரி, விலையைப் பாதியாகப் பேசி வாங்குங்கள். பாட்டுக் கேட்க என்றால் சூட்கேஸ் மாதிரி மூடும் எச்எம்வி 102 தேடுங்கள், 1931-இல் வந்த மாடல். பார்க்கச் சாதாரணமாக இருப்பதால் அதைப் போலி செய்ய அதிகம் பேர் மெனக்கெடுவதில்லை.

அப்புறம், இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது இரும்பு ஊசி போடுங்கள். பிற்காலத்து மென்மையான பிளாஸ்டிக் இசைத்தட்டான வினைல் எல்பியை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள், ஊசி உழுதுவிடும்.