ஷார்ஜாவுக்குத் திருமணச் சான்றிதழ்: அப்போஸ்டில் போதாது

ஷார்ஜாவில் இருக்கும் கணவரிடம் போய், அங்கே ஆசிரியராகவும் வேலை பார்க்க நினைக்கிறீர்கள்; முகவர் உங்கள் திருமணச் சான்றிதழில் அப்போஸ்டில் மட்டும் வாங்கித் தந்திருக்கிறார். அப்போஸ்டில் என்பது ஒரு சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் ஆவணத்தை மற்றொன்று ஏற்க வைக்கும் முத்திரை. அது அமீரகத்தில் செல்லாது. கணவருக்கு விசா வந்தும் உங்கள் குடும்ப விசா திரும்பியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். பிறகு அமீரகத்தில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகமும் ஒப்பமிட வேண்டும். ஓமானுக்கு அப்போஸ்டிலே போதும் என்பதால் முகவர் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

மறுபடி அனுப்பும் முன் சான்றிதழையும் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். நம் ஊர் இனிஷியல்தான் பெரிய தலைவலி. சான்றிதழில் வெறும் ‘எஸ்.’ என்றும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால், முதலில் பதிவு அலுவலகத்தில் திருத்துங்கள். முத்திரை விழுந்த பிறகு திருத்தினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. மூலச் சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள், பின்பக்கத்தில் முத்திரை குத்த முடியாது.

அப்புறம், குடும்ப விசாவை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் அங்கே பாடம் எடுக்க முடியாது. சேர்த்துக்கொள்ளும் பள்ளி தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். உங்கள் பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் தூதரகச் சான்றொப்பம் கேட்பார்கள்; இப்போதே சேர்த்து அனுப்பிவிடுங்கள்.