'ஸ்கின்னி'ன்னா பாராட்டா, பழிப்பா?

பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டதும், அவர் சொன்னதும்.

வண்ணார்பேட்டை மாணவி: சார், ஹாஸ்டல்ல ஒரு பிள்ளைகிட்ட 'யூ ஆர் ஸோ ஸ்கின்னி'ன்னேன். பாராட்டாத்தான் சொன்னேன். ரெண்டு நாளா முகம் குடுக்க மாட்டேங்கா.

ஏம்மா, 'ஸ்கின்'னா தோல். 'எலும்பும் தோலுமா இருக்கா'ம்போம்லா, அந்த வாடை அந்தச் சொல்லுக்குள்ளேயே கெடக்கு. 'ஸ்லிம்'னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பா. 'தின்' நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. 'ஸ்லெண்டர்' கதைப் புத்தகத்துல வாற கொடியிடை. 'ஸ்க்ரானி'ன்னு மட்டும் சொல்லிராத, அது நோஞ்சான். ஸ்கின்னிங்கிறதப் பெருமையா எடுத்துக்கிறவங்களும் உண்டு. ஆனா முன்னப்பின்ன பழகாத பிள்ளைகிட்ட எதுக்கு?

களக்காட்டு ஆச்சி: வெளிநாட்டுல இருந்து வந்த பேரன்கிட்ட 'மெலிஞ்சிட்டியே ராசா'ன்னேன். 'அப்படிச் சொல்லக்கூடாது ஆச்சி'ங்கான். என்னய்யா குத்தம்?

உங்க மேல குத்தமே இல்ல ஆச்சி. நம்ம ஊர்ல 'மெலிஞ்சிட்டியே'ன்னா 'நேரத்துக்குச் சாப்பிடுதியா'ன்னு அர்த்தம். கேட்டு முடிக்கதுக்குள்ள தோசைக்கல்லு அடுப்புல ஏறிரும். அவன் அதை மனசுக்குள்ள இங்கிலீஷ்ல மாத்திக் கேட்டிருக்கான். அங்க அடுத்தவங்க உடம்பைப் பத்திப் பேசுனாலே சங்கடம், அக்கறையாச் சொன்னாலும் சரிதான். நம்மகிட்டயும் தராதரம் இல்லாமலா? ஒடிசலான பிள்ளைன்னா பெத்தவ கேட்டுக்கிடுவா. நறுங்கல்னு சொல்லிப் பாருங்க, சண்டைக்கு வந்துருவா.

டவுன் ஜவுளிக்கடைத் தம்பி: அப்போ ஸ்கின்னி ஜீன்ஸ் போடுறவன் நோஞ்சானா அண்ணாச்சி?

துணி காலோட ஒட்டிக் கெடக்கு, அவ்வளவுதான். நம்ம தொப்பைக்காரங்களும் போடத்தான செய்தாங்க.

பேட்டை டீக்கடைக்காரர்: 'ஸ்கின்னி லாட்டே'ன்னா?

கொழுப்பை நீக்குன பால்ல போட்ட காப்பி. தண்ணி ஊத்துன பாலுக்கு அந்தப் பேரை வச்சிராதீரும்!

தென்காசி வாசகர்: ஒரு அமெரிக்கப் படத்துல 'கிவ் மீ த ஸ்கின்னி'ங்கான். அங்க ஒல்லியா யாருமே இல்லையே?

'உள்விவரம் என்ன, சொல்லு'ங்கான். அமெரிக்கப் பேச்சுவழக்கு. முன்னால 'த' வந்து, பின்னால ஆளோ பொருளோ வராம தனியா நின்னா உடம்பை மறந்துருங்க.

அம்பாசமுத்திரம் ஆசிரியை: 'ஸ்லிம்' எப்பவும் நல்ல சொல்தானா சார்?

ஆளுக்குச் சொன்னா நல்லது. 'ஸ்லிம் சான்ஸ்'னா கெடைக்கவா போகுதுன்னு அர்த்தம். இங்கிலீஷுக்கு அது டச்சுக்காரங்ககிட்ட இருந்து வந்த சொல். டச்சுல இன்னைக்கும் 'ஸ்லிம்'னா புத்திசாலி. ஜெர்மன்ல அதோட பங்காளி 'ஷ்லிம்'. அதுக்கு மோசம்னு அர்த்தம். ஜெர்மன்காரர்கிட்ட 'யூ ஆர் ஸ்லிம்'னு சொல்லும்போது உச்சரிப்பைக் கொஞ்சம் பார்த்துக்கிடுங்க.