'ரூல் ஆஃப் தம்ப்' மனைவியை அடிக்கும் சட்டத்தில் பிறந்ததா?

'ரூல் ஆஃப் தம்ப்' (நேர்ப்பொருள் 'கட்டைவிரல் விதி'; குத்துமதிப்பான கணக்கு என்பதற்கான சொல்) என்ற ஆங்கிலச் சொல்வழக்கு, கட்டைவிரலைவிடத் தடிமன் இல்லாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்ற பழைய இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் இந்தக் கதையைக் கேட்டேன். அன்றிலிருந்து யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் சுருக்கென்று தைக்கும். இரண்டு மூன்று பேரிடம் "அப்படிச் சொல்லாதீர்கள்" என்றும் சொல்லியிருக்கிறேன். அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

சொல் மிகவும் பழையது. 1685இல் அச்சான ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் டர்ஹாமின் பிரசங்கங்களில், ஊகத்திலும் கட்டைவிரல் கணக்கிலும் வீடு கட்டுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது வருகிறது. 1692இல் வில்லியம் ஹோப் எழுதிய வாள்வீச்சு நூலில், முறையாகக் கற்காமல் கைப்பழக்கத்தில் வீசுகிறவனைக் குறிக்கிறது. மனைவி, குச்சி என்ற பேச்சே இரண்டிலும் இல்லை. நாம் 'குத்துமதிப்பாக' என்கிறோமே, அதுதான் பொருள். பீர் காய்ச்சுகிறவர்கள் சூடு பார்க்க விரலை விட்டதாக ஒரு கதை உண்டு, அதற்கும் ஆதாரம் கிடையாது. கட்டைவிரல் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம்; டச்சு மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அளவுகோல் இல்லாதபோது விரலை வைத்து அளந்த பழக்கத்திலிருந்து வந்திருக்கும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அரிசிக்கு மேல் விரலின் முதல் கணு மூழ்கத் தண்ணீர் வைக்கிறோமே, அது மாதிரி.

சரி, குச்சி எங்கிருந்து வந்தது? கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று 1782இல் பிரான்சிஸ் புல்லர் என்ற இங்கிலாந்து நீதிபதி சொன்னதாகப் பேச்சு பரவியது. அவர் அப்படித் தீர்ப்பளித்ததற்குப் பதிவு எதுவும் இல்லை. ஆனாலும் ஜேம்ஸ் கில்ரே அந்த ஆண்டு நவம்பரிலேயே ஒரு கேலிச்சித்திரம் வரைந்துவிட்டார். நீதிபதி உடையில் புல்லர் குச்சிக் கட்டுகளைச் சுமந்து விற்கிறார். ஒவ்வொரு குச்சியின் நுனியும் கட்டைவிரல் வடிவம். பின்னால் ஒருவன் மனைவியை அடித்துக்கொண்டிருக்கிறான். 'ஜட்ஜ் தம்ப்' என்ற பெயர் புல்லருக்கு ஒட்டிக்கொண்டது.

என்னை நிம்மதியிழக்க வைத்தவை அமெரிக்காவின் வட கரோலினா மாநில வழக்குகள். 1868இல் தீர்ப்பான ஒரு வழக்கில், ஒருவன் மனைவியைக் குச்சியால் மூன்று அடி அடித்திருந்தான். விரல் பருமன்தான், கட்டைவிரல் அளவுகூட இல்லை என்று கீழ் நீதிமன்றம் அவனை விட்டுவிட்டது. அந்தக் கட்டைவிரல் கணக்கை மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் குடும்ப விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று விடுதலையை உறுதி செய்தது. 1874இல் இன்னொரு வழக்கு. குடித்துவிட்டு வந்தவன் பன்றி இறைச்சியில் புழு இருக்கிறது என்று கத்தி, காப்பிக் கோப்பையை மூலையில் வீசினான். வெளியே போய் நாலடி நீளத்தில், இலைகூட உதிராத இரண்டு குச்சிகளை வெட்டி வந்து ஐந்து அடி அடித்தான். அவள் கையில் கன்றிய தழும்பு இரண்டு வாரம் இருந்தது. கட்டைவிரலைவிடப் பெரிதாக இல்லாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்ற பழைய கோட்பாடு இங்கே சட்டம் அல்ல என்று அந்தத் தீர்ப்பு எழுதியது. அபராதம் 10 டாலர்.

இந்த வழக்குகளும் அந்தச் சொல்லும் நூறு ஆண்டுகள் தனித்தனியாகவே கிடந்தன. 1976இல் அமெரிக்கப் பெண்ணுரிமை ஆர்வலர் டெல் மார்ட்டின் குடும்ப வன்முறை பற்றிய தன் புத்தகத்தில் இரண்டையும் சொல் விளையாட்டாகச் சேர்த்து எழுதினார். 1982இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் தன் அறிக்கையின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தது. அதன் பிறகு பலருக்கு அதுவே சொல்லின் பிறப்புக் கதையாகிவிட்டது.

எனவே சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். யாராவது "அதெல்லாம் கட்டுக்கதை" என்று குச்சியையும் சேர்த்துத் தள்ளினால், அந்த இரண்டு வழக்குகளையும் எடுத்துச் சொல்லுங்கள்.