கூரையில் 400 வாட் சோலார், ஆனாலும் காரில் சார்ஜ் ஏறவில்லை

கூரையில் 400 வாட் சோலார் பேனல் வைத்தும் மின்சாரக் காரில் சார்ஜ் ஏறவில்லையே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பேனல், சின்ன இன்வெர்ட்டர், நேராகக் கார் என்ற வழி வேலைக்காகாது. காரின் சார்ஜர் குறைந்தது 6 ஆம்பியர் கேட்கும். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். பச்சை விளக்கு இரண்டு முறை மினுக்கி அணைகிறது என்றீர்களே, லோடு விழுந்ததும் இன்வெர்ட்டர் படுத்துவிடுகிறது போல.

பகலில் தனி பேட்டரியில் சேர்த்து, 2 கிலோவாட் ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் வழியாக ஏற்றிப் பாருங்கள். காரில் 6 ஆம்பியர் வையுங்கள். அப்போதும் சார்ஜிங் கேபிளில் சிவப்பு விளக்கு எரிந்தால் எர்த்தைப் பாருங்கள். இன்வெர்ட்டரில் நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் இணைந்திராவிட்டால் பல கேபிள்கள் அடம்பிடிக்கும்.

நல்ல வெயிலிலும் நாளுக்கு ஒன்றரை யூனிட், பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். இதில் பேட்டரியின் பாரம் வேறு!

காரின் பெரிய பேட்டரியில் மட்டும் பேனலை நேராகக் கோர்த்துவிடாதீர்கள். பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல், ஆளையே அடித்துவிடும்.