இஞ்சி இலை மஞ்சளானால் அழுகலா, அறுவடையா?

கேள்வி: சென்னையில் எங்கள் மொட்டைமாடியில், கடையில் வாங்கிய இஞ்சியை மே மாதம் வளர்ப்புப் பையில் நட்டேன். நன்றாகத் தழைத்தது. நவம்பர் மழைக்குப் பிறகு இலைகள் மஞ்சளாகின்றன. இது நோயா? இப்போதே தோண்டிச் சமையலுக்கு எடுக்கலாமா?

பதில்: இஞ்சி முற்ற 8 முதல் 10 மாதங்கள் வேண்டும். உங்கள் செடிக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. மே மாதம் நட்ட இஞ்சி இயல்பாகக் காய்வது தை, மாசியில். அதனால் அழுகல் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மஞ்சளான தண்டு ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதி கொழகொழவென்று கையோடு வந்து, நாற்றமும் அடித்தால் அது அழுகல்தான், சந்தேகமே வேண்டாம். முற்றிய செடியில் இந்த நாற்றம் இருக்காது. தண்டுகள் எல்லாம் உலர்ந்து சாயும், கிழங்கு கெட்டியாக இருக்கும்.

அழுகல் என்றால் இன்றே தோண்டுங்கள். பித்தியம் என்ற நுண்ணுயிரி தேங்கிய நீரில் வேகமாகப் பரவும். ஒரு வாரம் பொறுத்தால் மிச்சக் கிழங்கும் போய்விடும். கெட்டியான, நிறம் மாறாத கிழங்குகளைக் கழுவிச் சமைக்கலாம். விதைக்கு மட்டும் வைக்காதீர்கள். அந்த மண்ணில் மறுபடி இஞ்சியோ மஞ்சளோ நட வேண்டாம்.

மாடித் தோட்டத்தில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் வடிகால் குறைதான் வழிவிடுகிறது. பை தரையோடு ஒட்டியிருந்தால் அடித்துளைகள் அடைபட்டுப் போகும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடைமழை நாட்களில் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள்.

அடுத்த முறை முளைக்கணு தெளிவாகத் தெரியும் பருத்த கிழங்காகப் பார்த்து, 20 முதல் 25 கிராம் துண்டுகளாக நறுக்குங்கள். வெட்டுவாய் காய்ந்தபின், லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். கிழங்கு பக்கவாட்டில் ஓடும் என்பதால் பை ஓரடி ஆழம் இருந்தால் போதும், அகலம்தான் முக்கியம். செம்மண், ஆற்று மணல், மண்புழு உரம் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேருங்கள். முளை மேல்நோக்கி இருக்க 5 செ.மீ. ஆழத்தில் நட்டு, காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள். முளை வர மூன்று, நான்கு வாரங்கள் ஆகலாம். அதுவரை ஈரம் காக்கத் தெளித்தால் போதும். பொறுமையின்றி தினமும் ஊற்றுவதால்தான் பலருடைய விதை மண்ணுக்குள்ளேயே அழுகுகிறது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் இதற்கு மிகவும் பிடிக்கும்.

ஆறு மாத இஞ்சி நார் குறைந்த இளசு. பச்சடிக்கும் தொக்குக்கும் இதைவிட நல்ல பதம் கிடையாது. சுக்குக்கு மட்டும் முற்றிய கிழங்கு வேண்டும். மணம் தரும் எண்ணெய் தோலுக்குச் சற்று அடியிலேயே இருப்பதால், ஆழமாகச் சீவாமல் மேல்தோலை மட்டும் சுரண்டி வெயிலில் உலர்த்துங்கள். காயும்போது பச்சை இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால், அதைவிடக் காரமான ஷோகாலாக மாறிக் காரம் ஏறும். பச்சை இஞ்சி போடும் அளவுக்குச் சுக்கைப் போட்டுவிடாதீர்கள். தேநீருக்கு என்றால், இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பால் ஊற்றுங்கள். பச்சை இஞ்சியிலுள்ள நொதி பாலைத் திரிக்கும். கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.