தட்டுத் தொட்டி கடைசியில்தான்: போன்சாய்க்கு மரம் தயார் செய்வது எப்படி?

கேள்வி: தென்காசி பக்கம் இலஞ்சியில் எங்களுக்குச் சிறிய தென்னந்தோப்பு இருக்கிறது. போன்சாய் வளர்த்து விற்கும் ஆசையில், இணையத்தில் ‘போன்சாய் விதை’ என்று ஜப்பான் மேப்பிள், பைன் விதைகளை வாங்கிப் பீங்கான் தட்டுத் தொட்டியில் போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை. அதே தொட்டியில் புளியங்கொட்டை போட்டேன், முளைத்தது. ஆனால் எட்டு மாதமாகியும் தண்டு ஈர்க்குச்சி கனம்தான். எந்த மரத்தில், எப்படித் தொடங்க வேண்டும்?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். போன்சாய் விதை என்று தனியாக எதுவும் கிடையாது. பொட்டலத்தில் வந்தது சாதாரண மர விதைதான். ஜப்பான் மேப்பிளுக்குக் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் ஓய்வு வேண்டும். அதன் விதையும் சில மாதம் குளிரில் கிடந்தால்தான் கண் திறக்கும். நம் ஊர் வெயிலில் அது நடக்காது. அந்தச் செலவை மறந்துவிடுங்கள்.

உங்கள் புளியங்கன்றுகளிடம் குறை இல்லை. அவற்றை வைத்த இடம்தான் தவறு. போன்சாயின் அழகு அடிமரத்தில் இருக்கிறது. அடி பருக்க வேண்டுமானால் வேர் ஓட வேண்டும், இலை பெருக வேண்டும். இரண்டு அங்குல ஆழத் தொட்டியில் வேரும் ஓடாது, தண்டும் பருக்காது. தட்டுத் தொட்டி என்பது வளர்ந்து முடிந்த மரத்தை அளவோடு நிறுத்தி வைக்கும் இடம். கன்றை வளர்க்கும் இடம் தரை, அல்லது பெரிய வளர்ப்புப் பை. தோப்பு வைத்திருக்கும் உங்களுக்கு இது பெரிய வசதி. மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பவருக்கு இது வாய்க்காது.

கன்றுகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஆணிவேரில் பாதியைக் கூரான கத்தரியால் வெட்டிவிடுங்கள். பக்க வேர்களைத் தொடாதீர்கள். குழிக்குள் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைப் படுக்கையாக வைத்து, வேர்களை அதன்மேல் நாலாபுறமும் விரித்து மண் மூடுங்கள். கீழே இறங்க வழியில்லாததால் வேர்கள் பக்கவாட்டில் ஓடும். பிற்காலத்தில் மேல்மண்ணில் புடைத்துத் தெரிகிற வேர்விரிப்புக்கு அடித்தளம் இதுதான். தென்னை நிழலில் நட வேண்டாம். புளிக்கு முழு வெயில் வேண்டும், நிழலில் நெட்டையாக ஓடிவிடும். தோப்பின் ஓரத்தில், தெற்கு அல்லது மேற்குப் பக்க வரப்பை ஒட்டி நடுங்கள்.

விற்பனைதான் நோக்கம் என்றால் விதையை மட்டும் நம்பாதீர்கள், காலம் இழுக்கும். உங்கள் ஊருக்கு விண் பதியன்தான், அதாவது மரத்தில் இருக்கும் கொம்பிலேயே வேர்விட வைத்து அறுத்தெடுக்கும் முறைதான், என் முதல் பரிந்துரை. மரம் ஆல், இச்சி, அத்தி எதுவானாலும் சரி. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் உங்கள் தோப்பிலும் அடிக்கும். காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும் காலம் பதியனுக்கு வரம்.

கட்டைவிரல் கனத்துக்குக் குறையாத, அடியிலேயே இரண்டு மூன்று கிளை பிரிகிற கொம்பாகத் தேர்ந்தெடுங்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளைய வெட்டுப் போட்டு, நடுப்பட்டையை முழுதாக உரித்தெடுங்கள். பால் வடியும், ஈரத்துணியால் துடையுங்கள். அதன்பின் கட்டையின்மேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். கத்தியின் முதுகால் அதையும் சுரண்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அந்தப் படலம் கொஞ்சம் மிஞ்சினாலும் பட்டை மறுபடி பாலம் போட்டுக்கொள்ளும், வேர் இறங்காது. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே வரும். வெட்டின் மேல் விளிம்பில் அது தடைபட்டுத் தேங்குவதால் அங்கே வேர் பிறக்கிறது. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறிக்கொண்டே இருப்பதால் கொம்பு வாடாது. ஆகவே வேர்த்தூண்டிப் பொடியை மேல் விளிம்பில் தடவினால் போதும்.

ஊறவைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியையோ, நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவையோ ஒரு கைப்பிடி வைத்து மூடி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைச் சுற்றி இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். கையால் அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது. வெயில் பட்டால் மேலே ஒரு காகிதம் சுற்றிவிடுங்கள். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் தாளுக்கு அடியில் வெள்ளை வேர் தெரியும். அவசரப்படாமல், அது கிளை விட்டுப் பழுப்பு நிறத்துக்கு மாறிய பிறகு அறுத்தெடுங்கள். பாசியை உதறாமல் அப்படியே பையில் நட்டு, இலையில் பாதியைக் கழித்து, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். பதியனில் வேர் வளையம் முழுக்க ஒரே மட்டத்தில் கிளம்புகிறது. வெட்டி ஊன்றும் குச்சியில் பல நேரம் ஒருபக்கம் மட்டுமே வரும். போன்சாய்க்காரர்கள் பதியனை விரும்புவதற்கு இதுவே காரணம்.

குச்சி முறையையும் ஒதுக்க வேண்டாம். வேலிக்குக் கிளுவைப் போத்து, பூவரசம் போத்து ஊன்றிய கைக்கு இது புதிதல்ல. ஆலங்கொம்பைக் கனமான போத்தாகவே நடலாம். காகிதப்பூ வேலியைக் கவாத்து செய்யும் வீடுகளில் கழித்துப்போடும் முற்றிய கட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். முக்கால் அடி நீளம், விரல் கனத்துக்கு மேல் எதுவும் ஆகும். அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. காகிதப்பூக் கட்டை வேர்விடுவதற்கு முன்பே, தன்னிடம் இருக்கும் சேமிப்பைக் கொண்டு தளிர்த்துவிடும். தளிரைப் பார்த்து வேர் வந்துவிட்டதாக நினைத்துப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், மாற்றியும் நடாதீர்கள். வேர் வந்தபின்னும் அது தொட்டால் ஒடியும், மண்கட்டியோடுதான் எடுக்க வேண்டும்.

இன்னொரு நல்ல வழி, பழைய சுவர். பறவை எச்சத்தில் விழுந்து கோவில் மதில், கிணற்றுச் சுற்று, பாலத்தடியில் முளைக்கும் ஆலும் அரசும் இடுக்கில் நெருக்குண்டு, குட்டையாகவும் அடி முறுக்கேறியும் இருக்கும். உழவாரப் பணி செய்பவர்கள் எப்படியும் அவற்றைப் பிடுங்கத்தான் செய்வார்கள். சொல்லிவைத்தால் தருவார்கள். மழைநாளில் எடுத்தால் வேர் அதிகம் அறுபடாது. காப்புக்காட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், சட்டப்படி குற்றம். மலையும் பாவம்.

தரையில் நட்ட மரத்தை உடனே கத்தரிக்கக் கை துடிக்கும். பொறுங்கள். அடியில் ஒரு கிளையை இரண்டாண்டு இஷ்டத்துக்கு ஓடவிட்டால், அந்தக் கிளைக்குக் கீழுள்ள அடி கண்ணெதிரே பருக்கும். வேலை முடிந்ததும் அதை அறுத்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் சுற்றி ஒரு வட்டம் கொத்தி, வெளியே ஓடும் வேரை அறுத்துவிடுங்கள். நினைத்த கனம் வந்ததும் நடுத்தண்டைச் சாய்வாக வெட்டி, வெட்டுக்குக் கீழே கிளம்பும் தளிர் ஒன்றைப் புது நுனியாக விடுங்கள். அடி பருத்து நுனி மெலிகிற வடிவம் இப்படித்தான் வரும். கம்பி சுற்றுவதானால் அலுமினியக் கம்பி. ஆல் வகை வேகமாகப் பருப்பதால் ஆறு வாரத்திலேயே கழற்றிப் பாருங்கள், தழும்பு விழுந்துவிட்டால் நெடுநாள் மறையாது.

தொட்டி எப்போது என்று கேட்பீர்கள். அடிமரம் ஐந்து சென்டிமீட்டர் என்றால் உயரம் சுமார் முப்பது சென்டிமீட்டர், அதாவது ஆறு பங்கு. தொட்டியின் ஆழம் ஏறக்குறைய அடிமரத்தின் கனம். இந்தக் கணக்குக்கு மரம் வந்தபின் தொட்டி வாங்குங்கள். இரண்டு பங்கு உடைத்த செங்கல் குறுணி, ஒரு பங்கு சலித்த பருமணல், ஒரு பங்கு மக்கிய இலைத்தொழு போதும். எல்லாவற்றிலும் தூசியைச் சலித்து நீக்குங்கள். தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்காமல் அடித்துளை வழியே உடனே ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தென்னை நார்க்கழிவு நிறைந்த தொட்டிகள் வேரழுகிப் போவதை வருடாவருடம் பார்க்கிறேன்.

வருமானத்துக்கு முழு போன்சாய் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல வேர்விரிப்போடு ஓராண்டு பையில் நின்ற பதியன் கன்றுகளைப் பழகுபவர்கள் வாங்கிப்போவார்கள். வரும் ஆனியில் பத்து கொம்பில் பதியன் போடுங்கள். வேர் பிடித்ததில் பாதியை விற்பனைக்கு வைத்து, மீதியை வரப்போரத் தரைக்கு அனுப்புங்கள். காலியான பீங்கான் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். நான்கைந்து ஆண்டில் அதற்கு வேலை வரும்.