பொ.ஆ. என்று எழுதினால் கிறிஸ்துவை மறுப்பதாகுமா?

யூதர்கள் கி.மு., கி.பி. என்று எழுதத் தயங்குவது ஏன், பொ.ஆ. (பொது ஆண்டு) என்று மாற்றினால் கிறிஸ்தவருக்கு அவமரியாதை ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்குப் பக்கத்தில் பிறந்த கிறிஸ்தவன். கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயத்துக்குப் போய்வந்து எங்கள் சபை மாத இதழுக்குக் கட்டுரை எழுதியபோது, அது கட்டப்பட்ட காலத்தை ‘பொ.ஆ. 1568’ என்று குறித்திருந்தேன். மெய்ப்புப் பார்த்த மூப்பர், “மக்களே, கிறிஸ்துவின் பெயரை எழுத உனக்கு வெட்கமா?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது கோபமல்ல, வருத்தம். அதனால்தான் பொறுமையாகப் பதில் சொன்னேன்.

கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயர் அல்ல. அபிஷேகம் பண்ணப்பட்டவர், மேசியா என்று பொருள்படும் கிரேக்கப் பட்டம். மேசியாவுக்காக இன்னும் காத்திருக்கும் ஒருவர் கி.பி. என்று எழுதினால், அவர் வந்துவிட்டார் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதாகிறது. இலத்தீனின் ‘அன்னோ டோமினி’ இன்னும் வெளிப்படையானது: ஆண்டவரின் ஆண்டில். தமிழில் ‘ஆண்டவர்’ இல்லை. யூதருக்கு உறுத்துவது அந்தக் ‘கி’தான். எபிரேயத்தில் அவர்கள் கி.மு.வை ‘எண்ணிக்கைக்கு முன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். தொடக்கப் புள்ளி மாறவில்லையே என்பார்கள் சிலர். உண்மைதான், அதை மாற்றச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை.

அந்த ஜெப ஆலயத்தை 1662இல் சேதப்படுத்திய போர்த்துகீசியரும் கிறிஸ்துவின் பெயரைச் சொன்னவர்கள்தான். இதைப் படித்த பிறகு என்னால் அந்தச் சுருக்கத்தை வெறும் எழுத்தாகப் பார்க்க முடியவில்லை.

கி.பி. கணக்கே 525இல் தியோனிசியுஸ் என்ற துறவி போட்டது. ஏரோது மன்னன் இறந்தது கி.மு. 4இல் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. அவன் நாட்களில் இயேசு பிறந்தார் என்கிறது மத்தேயு. அப்படியானால் அந்தத் துறவியின் கணக்கு சில ஆண்டுகள் பிசகியிருக்கிறது. பிசகிய கணக்கை விசுவாசத்துக்கு அளவுகோலாக வைக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பகுதி 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் விளைக்கான (தோட்டத்துக்கான) பழைய பிரமாணத்தில், அதாவது பத்திரத்தில், கி.பி. இல்லை, 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1110 என்றுதான் இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட என் பாட்டா தினமும் விடியற்காலையில் வேதம் வாசித்தவர். அவர் கிறிஸ்துவை மறுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. மூப்பரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் சற்று யோசித்தார்.

எங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பிறப்பை இன்றும் கி.பி. என்றே எழுதுகிறேன். அது என் அறிக்கை, என் வீட்டுக்குள். யூதரைப் பற்றி எழுதும்போதும், அவர்கள் வாசிக்கக்கூடிய இடத்திலும் பொ.ஆ. என்று எழுதுகிறேன்.

மூப்பர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. 1568க்கு முன்னொட்டே தேவையில்லை, யாரும் குழம்பப்போவதில்லை என்றார். அதுவும் சரிதான். வெறும் எண்ணாகவே அச்சிட்டோம்.